ஒரே ஆணியில் ஐந்து சாவி

ஜூன் 9, 2025 — திங்கள்

சர்வர் அறையில் ஏசி மறுபடியும் ஒழுகுகிறது. பாண்டீஸ்வரி கீழே ஒரு பச்சை வாளியை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்த ஆஸ்பத்திரியின் இருபது வருட நோயாளிக் கோப்புகளுக்குக் காவல் நான், எனக்கு உதவிக்கு அவள், எங்கள் இருவருக்கும் உதவிக்கு அந்த வாளி. புது ஏசி வேண்டும் என்று டிரஸ்ட் கூட்டத்தில் கேட்டால், "மழை வந்தா தன்னால குளுந்துரும்" என்கிறார்கள். காரைக்குடியில் மழையை நம்பி சர்வர் வைத்திருப்பது நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

மதியம் படித்த செய்தி சோற்றை இறங்கவிடவில்லை. வடக்கே ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளை யாரோ மொத்தமாக நகலெடுத்துப் போயிருக்கிறார்கள். எல்லாம் பூட்டிய கோப்புகள், யாராலும் திறக்க முடியாது, பயப்பட ஒன்றுமில்லை என்று நிர்வாகம் சொல்கிறது.

எடுத்தவர்கள் இப்போது திறக்கப் போவதில்லை. அது எனக்கும் தெரியும். பூட்டோடு தூக்கிப் போய் வைத்திருப்பார்கள். இன்றைய பூட்டுகள் ஒரு பெரிய கணக்கை நம்பி நிற்பவை. சாதாரணக் கணினிக்கு அந்தக் கணக்கைப் போட்டு முடிக்க ஆயுள் போதாது. ஆனால் குவாண்டம் கணினி என்று ஒன்று வளர்ந்துகொண்டு வருகிறது. பத்து வருடமோ இருபது வருடமோ, அது முழுசாக வந்து நிற்கும் அன்று இந்தக் கணக்கு அதற்கு இரண்டாம் வாய்ப்பாடு. அன்றைக்குத் திறந்தால் போதுமே. காத்திருக்க அவர்களுக்கு என்ன கஷ்டம்?

வங்கி பாஸ்வேர்ட் என்றால் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் பரம்பரை நோய்ப் பிரிவில் இருக்கிற கோப்புகளை என்ன செய்வது? இரத்தத்தை மாற்ற முடியுமா?

என் கோப்பும் அங்கேதான் இருக்கிறது.

ஜூன் 11 — புதன்

எழுதிவிடுகிறேன். இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுத.

என்னைப் பெற்ற அப்பச்சிக்கு நாற்பத்தெட்டு வயதில் விரல்கள் தாமாக ஆட ஆரம்பித்தன. பிறகு தோள். பிறகு நடை. ஊரார் நரம்புத் தளர்ச்சி என்றார்கள், சிலர் வேறு மாதிரியும் சொன்னார்கள், குடிக்காத மனுஷரை. மதுரையில் ஒரு டாக்டர்தான் பெயரைச் சொன்னார்: ஹன்டிங்டன். மருந்து கிடையாது. கை காலை ஆட்டிவிட்டுக் கடைசியில் புத்தியை எடுத்துக்கொண்டு போகும். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு இரண்டில் ஒன்று.

ஆத்தா அவருக்குக் காபியை அரை டம்ளர்தான் ஊற்றுவாள். ததும்பி வேட்டியில் கொட்டி, அவர் எங்கள் முன்னால் கூசிப்போகக் கூடாது என்று. அவர் குடித்ததும் மீதி அரையை ஊற்றுவாள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்ஷராவுக்கு அப்போது ஏழெட்டு வயது. ஐயாவுக்கு மட்டும் ஏன் ரெண்டு தடவை என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில் சோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். முடிவு வந்த அன்று டாக்டர் அறை வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். எனக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த டாக்டரும் வெளிநாடு போய்விட்டார். முடிவு மட்டும் மூடிய கோப்பாக என் சர்வரில் உட்கார்ந்திருக்கிறது. திறக்கிற சாவி என்னிடம்! பசித்தவளைச் சமையலறைக்குக் காவல் வைத்த கதை. ஆனால் எனக்குப் பசியில்லை, பயம்.

எனக்கு இப்போது நாற்பத்தாறு. அக்ஷராவுக்கு இருபத்துமூன்று. எனக்கு இருந்தால் அவளுக்கு இரண்டில் ஒன்று. இருக்கிறதா என்றே தெரியாததால் நாலில் ஒன்று. நாலில் ஒன்று என்றால் ஒரு மனுஷி தூங்கி எழுந்து தோசைக்கு அரைத்துப் பிழைத்துவிடலாம்.

ஜூன் 20 — வெள்ளி

இவரிடம் செய்தியைச் சொன்னேன். குமரப்பனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சுலப வழி உண்டு. பழைய வீடுகளை ஓட்டலாக்குகிற கம்பெனியில் மேனேஜராக இருப்பதாலோ என்னவோ, விரிசலைக் கண்டால் சுண்ணாம்பு பூசிவிடுவார்.

"அந்த ஒரு கோப்பை அழிச்சிட்டுப் போயேன். உன் கையிலதானே இருக்கு?"

மற்றவர்கள் கோப்பை எல்லாம் காப்பாற்றச் சம்பளம் வாங்கிக்கொண்டு, என்னுடையதை மட்டும் அழிப்பதா? அதுகூடப் போகட்டும். நாளைக்கு அக்ஷரா பிள்ளை பெறுமுன் தெரிந்துகொள்ள விரும்பினால்? அவளுக்கு வேண்டியிருக்கலாம் என்பதை நான் கிழித்துப்போட முடியாது. அவளே கேட்காததை வேறொருவன் படிக்கவும் விட முடியாது.

"அப்ப பூட்டை மாத்து," என்றார். முதல் தடவையாக உருப்படியாக ஒன்று சொன்னார்.

ஜூன் 29 — ஞாயிறு

தேவகோட்டையிலிருந்து வந்த ஜாதகம் பொருந்தியிருக்கிறது. பையன் பெயர் அழகுசுந்தரம், சென்னையில் வேலை. அக்ஷராவும் அவனும் இரண்டு வாரமாகவே போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இன்றுதான் எனக்குத் தெரிகிறது. ஜாதகம் பார்க்கிறவர் கிரகங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது இதுகள் வாட்ஸ்அப்பில் முடித்துவிட்டன.

எனக்குச் சந்தோஷம்தான். அப்புறம் நாலில் ஒன்று நினைவுக்கு வந்தது.

ஜூலை 3 — வியாழன்

டிரஸ்ட் கூட்டம். ஐந்து டிரஸ்டிகளில் ஊரில் இருப்பவர் ஞானசம்பந்தம் அண்ணன் ஒருவர்தான். மற்ற நால்வர் சென்னை, கோவை, பெங்களூர், சிங்கப்பூர் என்று திரையில் கட்டம் கட்டமாக வந்தார்கள். அண்ணன் கூடப் பிறந்தவர் இல்லை, நான் பிறந்த குலக்கோயில் முறையில் அண்ணன். அப்பச்சி படுத்திருந்த காலத்தில் வீட்டுக்கு வந்து முகம் சுளிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர் மட்டும்தான். இந்த வேலையும் அவர் சொல்லிக் கிடைத்தது.

குவாண்டம் என்றதும் கோவைக்காரர், "அது என்ன, ஓமியோபதி மாதிரியா?" என்றார். நான் விளக்கினேன். பூட்டு புது வகை, குவாண்டம் கணினியே வந்தாலும் அதற்குக் கணக்குப் பிடிபடாது. அந்தப் பூட்டுக்குச் சாவி செய்து தர ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஒளியைத் துளித்துளியாக ஓர் அரைக்கண்ணாடி மேல் விடுவார்கள். ஒவ்வொரு துளியும் ஊடுருவிப் போகும், இல்லாவிட்டால் திரும்பும். எது என்று பெட்டியைச் செய்தவனாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஊடுருவினால் ஒன்று, திரும்பினால் பூஜ்யம். அப்படி விழுகிற வரிசைதான் சாவி. ஊகிக்கவே முடியாது.

திரையில் நான்கு முகங்களும் அசையவில்லை. இணையம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன்.

அண்ணன்தான் காப்பாற்றினார். "ஏன் ஆத்தா சுத்துற? கோயில்ல பூக்கட்டிப் பார்க்கோமே, பொட்டலத்தைப் பிரிச்சா செவப்பா வெள்ளையான்னு, அதுன்னு சொல்லு. அவுகளுக்கு வெளங்கிரும்."

விளங்கிவிட்டது. எல்லாரும் சரி என்றுவிட்டார்கள்.

ஜூலை 4 — வெள்ளி

நேற்று எழுத விட்டுப்போனது. சாவியை ஐந்தாகப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன். டிரஸ்டி ஒவ்வொருவருக்கும் கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புக் குச்சி, அவரவருக்கு ஒரு ரகசிய எண். எந்த மூன்று பேர் சேர்ந்தாலும் பரம்பரை நோய்க் கோப்புகள் திறக்கும். இரண்டு பேரால் ஒன்றும் ஆகாது. என்னிடம் ஒரு குச்சியும் கிடையாது.

ஐந்து ஊரில் ஐந்து மனுஷர்கள். அவர்களில் மூன்று பேரை ஒரு விஷயத்துக்கு ஒப்புக்கொள்ள வைப்பது இந்த டிரஸ்டில் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய பூட்டு உலகத்தில் இல்லை.

ஜூலை 14 — திங்கள்

பெட்டி வைக்க ஆடி கழியட்டும் என்கிறார்கள். திருடன் ஆடி பார்ப்பானா?

ஜூலை 27 — ஞாயிறு

அக்ஷரா அழகுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஐயாவின் நோய், என் கோப்பு, நாலில் ஒன்று — எல்லாம். மாடியில் துணி காயப்போடும்போது சாதாரணமாகச் சொன்னாள். எனக்குக் கையிலிருந்த புடவை கீழே விழுந்துவிட்டது. (துணிதான் வழுக்கியது. இப்போதெல்லாம் எது விழுந்தாலும் இப்படி எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.)

"என்ன சொன்னான்?"

"என்ன நோய், எப்ப வரும்னு கேட்டான்மா. அப்புறம், 'அதுக்குப் பயந்தா ரோட்டையே தாண்ட முடியாது, வரும்போது பாத்துக்கலாம்'னான்."

நல்ல பையன். என் மகளும் நல்லவள். நான் ஆறு வருடமாகக் கதவு வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன், இவள் நேரே போய்ப் பேசிவிட்டு வருகிறாள்.

அவனுடைய அப்பா அம்மாவுக்கு அவனே சொல்லிக்கொள்வானாம். நரம்புத் தளர்ச்சி என்றுதான் அவர்களுக்கும் காதில் விழுந்திருக்கும்.

ஆகஸ்ட் 25 — திங்கள்

பெட்டி வந்துவிட்டது. சென்னையிலிருந்து சத்தியமூர்த்தி என்ற இன்ஜினியர் மடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தார். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கிறது. பாண்டீஸ்வரி கீழச்சிவல்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள், எட்டு மணிக்கே வந்து நின்றாள்.

"இதுக்குள்ளயாக்கா வெளிச்சம் போகுது? இங்குட்டுப் போறதா அங்குட்டுப் போறதான்னு அதுக்கே தெரியாதாமுல்ல?"

"தெரியாது."

"பாவமா இருக்குக்கா."

சிரித்தேன். பிறகு நாளெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒளித்துளிக்காவது விழுகிற வரைக்கும் தீர்மானம் இல்லை. எனக்கு எல்லாம் நாற்பத்தாறு வருடத்துக்கு முன்பே விழுந்தாகிவிட்டது. சிவப்போ வெள்ளையோ, பொட்டலம் கட்டியாகிவிட்டது. நான்தான் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன்.

ஆகஸ்ட் 28 — வியாழன்

பிள்ளையார் சதுர்த்திக்கு வெளியூர் டிரஸ்டிகள் நால்வரும் பிள்ளையார்பட்டி வந்திருந்தார்கள். அதற்கு மறுநாள், அதாவது இன்று, திறப்பு விழா. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. காற்றோட்டத் துளையில் பூ விழாமல் சத்தியமூர்த்தி கையை வைத்து மறைத்துக்கொண்டே நின்றார். ராகு காலத்துக்கு முன்னால் பொத்தானை அமுக்கினோம். ஒரு பச்சை விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். கோவைக்காரருக்கு ஏமாற்றம்.

ஐந்து குச்சிகளையும் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய் ரகசிய எண் போட்டுக்கொண்டார்கள். யாரிடமும் கொடுக்காதீர்கள், எண்ணை எங்கும் எழுதாதீர்கள் என்று நான் சொன்னதற்கு எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் குறை சொல்ல முடியாது. பெரிய குடும்பத்து மனுஷர்கள்.

பழைய பூட்டில் இருந்ததை எல்லாம் புதுப் பூட்டுக்கு மாற்றி, பழையதைத் தடம் தெரியாமல் அழித்தேன்.

ஆகஸ்ட் 29 — வெள்ளி

இனிமேல் நானே நினைத்தாலும் திறக்க முடியாது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.

செப்டம்பர் 1 — திங்கள்

ஐப்பசியில் கல்யாணம் வைக்கலாம் என்று பேச்சு. வருகிற வாரம் தேவகோட்டையிலிருந்து பேசி முடிக்க வருகிறார்கள்.

அக்ஷராவுக்குக் கொடுக்க எடுத்து வைத்திருக்கும் சாமான்கள் பூர்வீக வீட்டில் அப்பச்சி பங்குக்கு வந்த அறையில் கிடக்கின்றன. சாவி ஞானசம்பந்தம் அண்ணன் வீட்டில். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் சாவி அங்கேதான். பங்காளிகள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள், ஊரில் இருப்பவரிடம் சாவி இருக்கும், வருகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அண்ணன் ஆளனுப்பிக் கொடுத்துவிட்டார். போய்ப் பித்தளை, எவர்சில்வர் எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்தோம், நானும் அக்ஷராவும். ஒரு வாளியைக் கவிழ்த்துத் தாளம் போட்டாள். அந்த அறையில் யாரும் சிரித்து எத்தனை வருடமாயிற்று.

செப்டம்பர் 10 — புதன்

வரவில்லை. போன்தான் வந்தது.

அழகுவின் அம்மா, ரொம்பப் பதவிசாகப் பேசினார்கள். "தப்பா நெனைக்காதீக ஆச்சி. கோயில்ல பூக்கட்டிப் பார்த்தோம். உத்தரவு வரல. தெய்வம் வேண்டாமுன்னா நாம என்ன செய்ய முடியும் சொல்லுங்க. புள்ளை தங்கமான புள்ளை, நல்ல எடமா அமையும்."

ஜாதகம் பொருந்தி, பையன் பெண் மனசு பொருந்தி, மாதம் வரைக்கும் பேசிய பிறகு எதற்கு இப்போது பூ? எங்கள் ஆட்கள் ஒருத்தரை வேண்டாம் என்று சொல்லும்போது காரணத்தைத் தெய்வத்தின் மேல் போட்டுவிடுவார்கள். யார் மனசும் புண்படாது. மரியாதையான வழக்கம். இன்று அந்த மரியாதையைத் தூக்கி எறியலாம் போல் இருந்தது.

அக்ஷரா அழகுவுக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறாள். எடுக்கவில்லை.

நாலில் ஒன்றுக்குப் பயப்படாத பையனுக்கு இப்போது என்ன வந்தது?

செப்டம்பர் 11 — வியாழன்

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அண்ணன் இளையாத்தங்குடி கோயிலுக்குப் போயிருந்தார். அவர் மனைவியான ஆச்சி, "நீயே போயி மாட்டிரு ஆத்தா, எடம் தெரியுமுல்ல" என்றார்கள். பெட்டக அறைச் சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் சாவிக் கொத்து, ஒவ்வொன்றிலும் அட்டை கட்டிப் பெயர். அப்பச்சி பெயர் எழுதிய ஆணியில் சாவியை மாட்டினேன்.

அதற்கு அடுத்த ஆணியில் ஐந்து கறுப்புக் குச்சிகள்.

ஐந்தும். ஒரே வளையத்தில் கோத்து. ஒவ்வொன்றிலும் அட்டை — சென்னை, கோவை, பெங்களூர், சிங்கப்பூர், நம்மது. அண்ணனின் அழகான கையெழுத்து. ஊர்ப் பெயருக்குக் கீழே ரகசிய எண்.

வளையத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஆச்சி பின்னாலேயே வந்து, "அதுவா? அவுக எல்லாம் கார்ல ஏறும்போதே குடுத்துட்டுப் போயிட்டாக. ஊரில இருக்கவுக நீகதானே, வச்சுக்கங்கன்னு. பின்ன, அதை சிங்கப்பூருக்கா தூக்கிட்டு அலைவாக?" என்றார்கள்.

எதிர்காலத்துக் கணினிக்குப் பயந்து ஒளியைப் பிடித்துச் சாவி செய்தேன்! இவர்கள் அதை வீட்டுச் சாவி என்று நினைத்துவிட்டார்கள். ஏன் நினைக்க மாட்டார்கள்? இத்தனை காலமாகச் சாவியை அப்படித்தானே வைத்திருக்கிறார்கள். ஒன்றும் தொலைந்ததில்லையே. எனக்கு ஏன் தோன்றவில்லை? நானும் இந்த ஊரில் பிறந்தவள்தானே? என் அப்பன் சாவியும் பக்கத்து ஆணியில்தானே தொங்குது?

நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிவைப் பார்த்தேன். செப்டம்பர் 4. மூன்று சாவி போடப்பட்டிருக்கிறது. திறந்தது ஒரே ஒரு கோப்பு.

கோப்பு எண்ணைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பார்த்தேன். என்னுடையது.

பாண்டீஸ்வரி பயந்துவிட்டாள். "அண்ணன் வந்தாகக்கா. நீக சிவகங்கைக்கு மீட்டிங் போயிருந்தீகள்ல, அன்னைக்கி. உங்க பேருல இருக்க கோப்பு நம்பரைக் கேட்டாக. நான் முடியாதுன்னுதான் சொன்னேன். மூணு சாவி இருந்தா குடுக்கலாமுன்னு நீகதானேக்கா எழுதி ஒட்டியிருக்கீக? மூணும் சரியாத்தானே இருந்துச்சு..."

அவள் மேல் தப்பில்லை. நான் கட்டிய பூட்டு நான் சொன்னபடிதான் வேலை செய்திருக்கிறது.

செப்டம்பர் 12 — வெள்ளி

அண்ணனைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். கை நடுங்குகிறது. கோபத்தில். கோபத்தில்தான்.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். அவர் எனக்காக எழுந்து நிற்கிறவர் இல்லை.

"ஏண்ணே பாத்தீக?"

"தேவகோட்டைக்காரக விசாரிச்சாக ஆத்தா. குடும்பம் எப்படி, உங்க அப்பச்சிக்கு என்னமோ இருந்துச்சாமே, அது புள்ளைக்கு வருமா, நீங்க சொன்னாச் சரின்னாக. நம்மள்ல விசாரிக்கிறது வழக்கந்தானே. உனக்கு ஒண்ணுமில்லைன்னு அடிச்சுச் சொல்லலாமுன்னுதான் போனேன். சத்தியமா. ஒனக்கு ஒண்ணும் இருக்காதுன்னு நம்பித்தான் போனேன்."

நல்ல வார்த்தை சொல்லத்தான் போயிருக்கிறார். அதை நான் நம்புகிறேன். அதுதான் தாங்க முடியவில்லை. திருடன் என்றால் திட்டிவிட்டாவது வரலாம்.

"அவுககிட்ட என்ன சொன்னீக?"

"ஒண்ணும் சொல்லல ஆத்தா. ஒரு வார்த்தை சொல்லல. எப்படிச் சொல்லுவேன்? திரும்பப் போன் பண்ணிக் கேட்டாக... நான் பேசாம இருந்துட்டேன்."

பேசாமல் இருந்தாராம்.

ஞானசம்பந்தம் அண்ணனிடம் ஒரு பெண் வீட்டைப் பற்றிக் கேட்டு, அவர் பேசாமல் இருந்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று தேவகோட்டையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது.

"என்கிட்டயும் சொல்லாதீக," என்றேன். அவர் மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். வேறென்ன சொல்ல வேண்டும்? ஆறு வருடம். ஒரு வாசலைத் தாண்டாமல் ஆறு வருடம் இருந்தேனே, பாவி மனுஷா.

செப்டம்பர் 13 — சனி

இருக்கிறது. எனக்கு இருக்கிறது.

எழுதிப் பார்த்தேன். எழுதினால் பழகும் என்று.

செப்டம்பர் 15 — திங்கள்

அக்ஷராவுக்கு நாலில் ஒன்று என்று இருந்தது. இப்போது இரண்டில் ஒன்று. அவள் உடம்பில் ஒன்றும் மாறவில்லை. போன மாதம் எப்படி இருந்தாளோ அப்படியேதான் இருக்கிறாள். ஒருவர் ஒரு கோப்பைத் திறந்து பார்த்தார், அவ்வளவுதான்.

நான் சொல்லக்கூடாது. தெரிய வேண்டாம் என்றுதானே அவளும் சொல்லியிருக்கிறாள். இந்த வீட்டில் இனி அதைப் பூட்டி வைக்க என்னை விட்டால் ஆளில்லை. முகத்தைப் பூட்ட வேண்டும். இவரிடம்கூடச் சொல்லவில்லை. ராத்திரி, "உடம்புக்கு என்ன?" என்றார். வெயில் என்றேன்.

செப்டம்பர் 18 — வியாழன்

ஐந்து குச்சிகளையும் வாங்கி வந்து, பழைய எண்களை அழித்து, புது எண் போட்டுக்கொள்ளச் சொல்லி நால்வருக்கும் கூரியரில் அனுப்பினேன். நடந்ததை யார் என்று பெயர் சொல்லாமல் எழுதி, இது வீட்டுச் சாவி இல்லை என்று அடிக்கோடு போட்டேன். அண்ணன் டிரஸ்டிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தார். மற்றவர்கள் ஏற்கவில்லை. உங்களைவிட்டால் ஊரில் யார் இருக்கிறார்கள் என்கிறார்கள்.

செப்டம்பர் 27 — சனி

கோவையிலிருந்து குச்சி திரும்பி வந்துவிட்டது, அண்ணன் பெயருக்கு. "தங்களிடமே இருக்கட்டும்" என்று ஒரு சீட்டு. அண்ணன் அதை உறை பிரிக்காமல் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். நான் கையை மேஜைக்குக் கீழே எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 30 — செவ்வாய்

இந்தப் பக்கத்தையும் ஜூன் மாதத்துப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்து கோணுகிறதா? பேனாவை மாற்றினேன். தெரியவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கையை நீட்டிப் பார்க்கிறேன். நடுங்கவில்லை. நடுங்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் இனிமேல் என் வேலை போலிருக்கிறது.

சர்வரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. பெட்டி நன்றாக வேலை செய்கிறது. மற்றவர்கள் கோப்பாவது உள்ளே இருக்கட்டும்.

அக்ஷராவும் அழகுவும் நேற்று ஒருவழியாகப் பேசியிருக்கிறார்கள். மாடியில் ரொம்ப நேரம் நின்றிருந்தாள். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கீழே வந்து, என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

அக்டோபர் 5 — ஞாயிறு

காலையில் எல்லாரும் வீட்டில். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏசிக்கு ஆள் வருவதாகப் பாண்டீஸ்வரி போன் செய்தாள், வாளியை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். வந்த பிறகு எடுக்கலாம் என்றேன்.

காபி இன்று அக்ஷரா போட்டாள். இவருக்கு டம்ளர் நிறைய. அவளுக்கு டம்ளர் நிறைய. எனக்குக் கொடுத்ததை வாங்கிப் பார்த்தேன், பாதிதான் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இவர் பேப்பரை மடிக்காமலே எங்கள் இருவரையும் பார்த்தார்.

ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தேன். குடித்து முடித்ததும், பக்கத்திலேயே நின்றிருந்தவள், மீதி அரையையும் ஊற்றினாள்.